முதுகு டியூப்பில் எந்த மருந்து நல்லது, மோர்ஃபினா பியூபிவகேனா?

மே 19, இரவு 8.50 | அக்கரையூரான்

உம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி, அடுத்த கிழமை ஒப்பரேஷன். வயது 64, சீனி வருத்தமும் இருக்கிறது. மயக்க மருந்து டொக்டர் பார்த்துவிட்டு, முதுகில் மெல்லிய டியூப் ஒன்று வைத்து இரண்டு மூன்று நாளைக்கு அதன் வழியாக வலி மருந்து விடலாம் என்றார். எபிடியூரலாம். வீட்டில் இப்போது ஆளுக்கொரு கதை. கட்டாரில் இருக்கும் மச்சான் "மோர்ஃபின் போடச் சொல்லு, அதை மிஞ்ச ஒண்டும் இல்ல" என்கிறான். சாச்சியின் மகள் அதைப் போட்டு விடிய விடியச் சொறிந்துகொண்டு கிடந்தாளாம். பியூபிவகேன் என்றால் கால் செத்துப்போகும் என்கிறார் இன்னொருவர். எது நல்லது? தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள்.

மே 19, இரவு 10.15 | பழைய வாட்டு மிஸ்ஸி

மோர்ஃபினுக்கு வலி நன்றாகக் குறையும், சொறியும் வரும், பியூபிவகேனில் கால் மரத்துப்போவதும் நடக்கும். மூன்றும் உண்மைதான் தம்பி.

சத்திரசிகிச்சை வாட்டிலும் பிறகு ஐ.சி.யூ.விலும் தாதியாக என் சேவைக்காலம் போனது. இப்போது பென்ஷனில் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். நடுவில் எனக்கே கர்ப்பப்பை எடுத்தபோது அதே டியூப்பை என் முதுகிலும் வைத்தார்கள். டொக்டர் சொல்வதுதான் முடிவு. நான் கண்டதைச் சொல்கிறேன்.

முள்ளந்தண்டுக்குள் நரம்பைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. அந்த உறைக்கு வெளியே, கொழுப்பும் சிறு இரத்தக் குழாய்களும் கிடக்கும் ஒடுங்கிய இடைவெளியில்தான் டியூப்பின் நுனி இருக்கும். அதற்குள் விடுகிற மருந்துகள் இரண்டு வகை. ஒன்று மரக்கச் செய்பவை: லிக்னோகேன், பியூபிவகேன், லெவோபியூபிவகேன், ரோபிவகேன். இவை நரம்பு வழியாக எந்தச் செய்தியும் போகாமல் தடுக்கும். வலியோடு சேர்ந்து தொடுகையும் குறையும், அளவு கூடினால் கால் பலமும் குறையும், பிரஷரும் இறங்கும். மற்றது மோர்ஃபின் வகை: மோர்ஃபின், ஃபென்டனில், பெத்திடின். இவை வலியைத் தணிக்கும், காலை விட்டுவிடும், பிரஷரையும் அவ்வளவாக இறக்காது. ஆனால் சொறி, சத்தி (வாந்தி), சலம் (சிறுநீர்) அடைப்பு, அதைவிட மூச்சுக் குறைவு என்ற தொல்லைகள் அவற்றோடு வரும்.

இப்போது பெரும்பாலும் இரண்டையும் கலந்துதான் விடுகிறார்கள். பியூபிவகேன் 0.1 அல்லது 0.125 வீதம், அதில் மில்லிலீற்றருக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில், பம்ப்பில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 10 மில்லிலீற்றர். கலந்தால் இரண்டிலும் குறைய விட்டாலே போதும். ஆகவே மோர்ஃபினா பியூபிவகேனா என்று வீட்டில் வாக்கெடுப்பு வைக்க வேண்டாம்.

மே 19, இரவு 10.40 | பழைய வாட்டு மிஸ்ஸி

கால் செத்துப்போகும் என்றவருக்கு: ஒப்பரேஷன் தியேட்டரில் வெட்டுவதற்காகப் போடுவது 0.5 வீத பியூபிவகேன். கால் அசையாது, அசையவும் கூடாது. வாட்டில் விடுவது அதில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு வீரியம்தான். மருந்தின் பெயரை விட்டுவிட்டு எத்தனை வீதம் என்று கேளுங்கள்.

மே 20, காலை 6.05 | பழைய வாட்டு மிஸ்ஸி

படுத்த பிறகு யோசித்தேன். டியூப் எந்த மட்டத்தில் என்பதை எழுதாமல் மருந்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக்கதைதான்.

வயிற்றை நீளமாக வெட்டினால் டியூப்பை நெஞ்சு மட்டத்து முதுகெலும்பில், அதாவது தோள்பட்டை எலும்பின் நுனிக்குக் கொஞ்சம் கீழே, வைப்பதுதான் பொருத்தம். முழங்கால், இடுப்பு ஒப்பரேஷன் என்றால் இடுப்பு மட்டம். வயிற்று வெட்டுக்கு இடுப்பில் வைத்தால் மருந்து முதலில் காலுக்குத்தான் போகும். கால் மரக்கும், காயம் நோகும், பழி மருந்தின் மேல் விழும்.

எனக்கு அதுதான் நடந்தது. இடுப்பு மட்டத்தில் வைத்தார்கள். கர்ப்பப்பைக்கு அது பரவாயில்லைதான், ஆனாலும் முதல் இரவு வலது கால் எனக்குச் சொந்தமில்லாத பொருள்போலக் கிடந்தது. இடது பக்கக் காயத்தில் சுள்ளென்று குத்தல். டியூப்பின் நுனி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மருந்தும் ஒரு பக்கமாகப் போகும். வாட்டில் மற்றவர்களுக்கு இதை விளக்கியவள்தான் நான், ஆனாலும் கட்டிலில் கிடந்து "மருந்து வேலை செய்யுதில்ல" என்று அழுதேன். டியூட்டி டொக்டர் வந்து டியூப்பைக் கொஞ்சம் வெளியே இழுத்து, இடது பக்கம் கீழே வரும்படி படுக்கவைத்து ஒரு தடவை மருந்து ஏற்றினார். சரியாகிவிட்டது. மருந்து மாறவில்லை.

மே 20, பிற்பகல் 1.30 | கல்முனைத் தம்பி

வெளிநாட்டில் எல்லாம் ரோபிவகேன்தான். பியூபிவகேன் இதயத்தை நிறுத்தும். நம்ம ஆக்களுக்குப் பழைய சரக்குத்தான் வாய்த்தது.

மே 20, இரவு 9.20 | பழைய வாட்டு மிஸ்ஸி

கல்முனைத் தம்பி, பாதி சரி. 1979இல் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர் எழுதிய தலையங்கம்தான் அந்தப் பயத்தைக் கிளப்பியது. தவறி இரத்தக் குழாய்க்குள் போன பியூபிவகேனால் நின்ற இதயத்தைத் திருப்பி ஓடவைப்பது மிகக் கடினமாக இருந்தது. இந்த மருந்து இதயத் தசையில் ஒட்டினால் சீக்கிரம் விடாது. அந்தக் கவலையில் இருந்துதான் லெவோபியூபிவகேனும் ரோபிவகேனும் வந்தன. ரோபிவகேன் சந்தைக்கு வந்தது 1990களின் நடுவில்.

ஆனால் அந்த ஆபத்து தியேட்டரில் ஒரேயடியாகப் பெரிய அளவு ஏற்றும்போதுதான் பெரிது. வாட்டில் மணிக்கு 6 மில்லிலீற்றர் 0.1 வீதம் என்றால் மொத்தமே 6 மில்லிகிராம்தான். அங்கே இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகக் குறைந்துவிடும். கால் பலம் விடயத்தில் ரோபிவகேன் கொஞ்சம் மேல் என்பது உண்மை. ஆனால் அதன் வீரியமும் குறைவு, அதனால் 0.2 வீதமாக விடுகிறார்கள். வீரியத்துக்கு வீரியம் சமப்படுத்திப் பார்த்தால் அந்த மேன்மையும் சுருங்கும். எங்கள் பக்கம் இருப்பதை நன்றாகப் பயன்படுத்தினாலே போதும் என்பது என் கட்சி.

இப்போது அந்த விபத்துக்கும் மாற்று இருக்கிறது: 20 வீதக் கொழுப்புக் கரைசல், கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர் முதலில். 1998இல் எலிகளில் காட்டினார்கள், பிறகு மனிதரையும் காப்பாற்றியது. வெள்ளை வெளேரென்று இருக்கும். தியேட்டரில் அந்தப் போத்தல் எங்கே இருக்கிறது என்று புதிதாக வருகிற பிள்ளைகளிடம் கேட்பது என் வழக்கமாக இருந்தது. காட்டத் தெரியாவிட்டால் அன்றைக்கு அவருக்கு என்னிடம் தேத்தண்ணி இல்லை.

மே 21, இரவு 11.10 | பழைய வாட்டு மிஸ்ஸி

இன்றைக்கு நேரம் இருக்கிறது, மோர்ஃபினைப் பற்றி எழுதிவிடுகிறேன். இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஃபென்டனில் கொழுப்பில் கரையும். விட்ட இடத்திலேயே உறிஞ்சப்பட்டு 5, 10 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ஓயும். அதனால்தான் பம்ப்பில் தொடர்ந்து விடவேண்டும். மோர்ஃபின் அப்படியில்லை. அது தண்ணீரில் கரைவது. உறையைக் கடந்து முள்ளந்தண்டு நீருக்குள் போனபின், வாவியில் கயிறு அவிழ்ந்த தோணிபோல மெல்ல மெல்ல மேலே போகும். வேலை தொடங்க அரை மணி, முக்கால் மணி எடுக்கும். தொடங்கினால் 12 மணித்தியாலம், சிலருக்கு 24 மணித்தியாலம். 2, 3 மில்லிகிராம் ஒரு தடவை போட்டால் ஒரு இரவு முழுக்க வலி இல்லை. பம்ப் தேவையில்லை, கரண்ட் போனால் பயமில்லை. கால் நடக்கும். மச்சான் புகழ்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மேலே போனது மூளையின் அடிப்பாகத்தையும் தொடும். மூச்சு விடச் சொல்லும் இடம் அங்கே. மருந்து போட்டு 6, 8, 10 மணித்தியாலம் கழித்து, எல்லோரும் மறந்த நேரத்தில், மூச்சு குறைய ஆரம்பிக்கும். பின்னேரம் 4 மணிக்குப் போட்டால் அது இரவு 10 மணிக்கும் அதிகாலை 2 மணிக்கும் நடுவில்.

ஒரு இரவு. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். இரைப்பை ஒப்பரேஷன் செய்த ஒரு ஐயா. பகலில் வலியில் முனகியவர் இரவு அமைதியாக உறங்கினார். மகன் பக்கத்தில் பாய் போட்டிருந்தார். நான் போனபோது "நல்லா உறங்குறாரு மிஸ்ஸி, எழுப்பாதீங்க" என்றார். வாட்டு நிறைய ஆட்கள், நாங்கள் இரண்டு பேர். ஏதோ ஒன்று உறுத்த, கடிகாரத்தைப் பார்த்து நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 7. தோளைத் தட்டினால் கண்ணைத் திறந்து மறுபடி மூடுகிறார். மோர்ஃபினை முறிக்கும் நலொக்ஸோன் போட்டோம், எழும்பினார். அது அரை மணி, ஒரு மணி நேரம்தான் நிற்கும், மோர்ஃபின் அதைவிட நீளம். அதனால் விடியும்வரை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு கட்டிலடியிலேயே நின்றேன். மூன்றாம் நாள் நடந்து போனார்.

பழைய காலத்தில் ஊரடங்கு என்றால் அடுத்த டியூட்டிக்காரர் வரமாட்டார், பகல் நின்றவளே இரவும் நிற்பாள். அப்படியான இரவில் எபிடியூரல் மோர்ஃபின் போடச் சொன்னால் நான் டொக்டரிடம் வாய்விட்டே கேட்பேன்: "யார் சேர் எண்ணுறது?" மருந்து நல்லதா கெட்டதா என்று இன்று வரைக்கும் என்னைக் கேட்டால் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. இரண்டு மணிக்கு யார் முழித்திருப்பார்கள்? அதைப் பொறுத்துத்தான் மோர்ஃபின் நல்ல மருந்தா இல்லையா என்பது.

மே 22, காலை 7.15 | வாவிக்கரை

விரலில் கிளிப் மாட்டியிருந்தால் சட்டுரேஷன் (இரத்தத்தில் ஒட்சிசன் அளவு) காட்டுமே அக்கா? 98 இருந்தால் போதும்தானே?

மே 22, காலை 8.00 | பழைய வாட்டு மிஸ்ஸி

போதாது. மாஸ்க்கில் ஒட்சிசன் போய்க்கொண்டிருந்தால் மூச்சு 7 ஆனாலும் கிளிப் 98 காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே காபனீரொட்சைட்டு ஏறிக்கொண்டே போகும். கிளிப் கத்தும்போது நேரம் போய்விட்டிருக்கும். மூச்சு குறைய முன்னரே ஆள் மந்தமாகிவிடுவார், அதுதான் முதல் அறிகுறி. கூப்பிட்டால் கண் திறந்து ஒரு வசனமாவது பேசுகிறாரா என்று பாருங்கள். மூச்சு நிமிடத்துக்கு 10க்குக் கீழே என்றால் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். 8 என்றால் வாட்டே எழும்பும்படி கூப்பிடுங்கள். ஒருவரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள். சொன்னால் சொல்லட்டும்.

மே 22, இரவு 9.45 | பழைய வாட்டு மிஸ்ஸி

சாச்சி மகளின் சொறிக்கு வருகிறேன். மூக்கு நுனி, கன்னம், கழுத்து. எனக்கும் வந்தது, மூக்கைத் தேய்த்துத் தேய்த்து விடியும்போது சிவந்துபோய் இருந்தேன், பார்க்க வந்தவர்கள் அழுதிருக்கிறேன் என்று நினைத்தார்கள். இது ஒவ்வாமை இல்லை. "மோர்ஃபின் அலர்ஜி" என்று சீட்டில் எழுதிவிடாதீர்கள், பிறகு தேவையான நாளில் அந்த மருந்து கிடைக்காமல் போகும். ஒவ்வாமை இல்லாததால் ஒவ்வாமைக் குளிசையான பிரிட்டோனும் பெரிதாகக் கேட்காது, தூக்கத்தைத்தான் கூட்டும். மோர்ஃபின் போட்ட ஆளுக்குத் தூக்கத்தைக் கூட்டுவது நல்ல வேலையா? மிகச் சிறிய அளவு நலொக்ஸோன் சொறியை எடுக்கும், வலி நிவாரணம் பெரிதும் கெடாது. சிலருக்குச் சத்தி மருந்தான ஒன்டன்செட்ரோன் உதவுகிறது. ஃபென்டனிலிலும் சொறி உண்டு, ஆனால் குறைவு.

அதே காரணத்தால் எபிடியூரல் மோர்ஃபின் உள்ள ஆளுக்கு நித்திரைக் குளிசை, தசையில் பெத்திடின் எல்லாம் டொக்டரைக் கேட்காமல் கூடாது. வீட்டில் வழமையாக நித்திரைக் குளிசை எடுப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பையில் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

மே 23, பிற்பகல் 12.50 | அக்கரையூரான்

மிஸ், உம்மா அஸ்பிரினும் சீனிக்கு மெட்போமினும் எடுக்கிறா. நிறுத்தவா? வேறு ஒருவர், இரத்தம் கட்டாமல் தடுக்கும் குளொபிடோகிரெல் என்றால் டியூப் வைக்கவே மாட்டார்கள் என்றார்.

மே 23, இரவு 7.30 | பழைய வாட்டு மிஸ்ஸி

நீங்களாக ஒன்றையும் நிறுத்தாதீர்கள். அஸ்பிரின் மட்டும் என்றால் டியூப் வைக்கத் தடையில்லை. குளொபிடோகிரெல் வேறு, அதை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தவேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய டொக்டரையும் கேட்காமல் நிறுத்தக்கூடாது. இரத்தம் கட்டாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான வாபரின் என்றால் 5 நாள் நிறுத்தி இரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான். மெட்போமினைப் பற்றி மயக்க டொக்டர் தனியாகச் சொல்லுவார், அவர் சொன்ன நாளில் நிறுத்துங்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி? அந்த ஒடுங்கிய இடத்தில் இரத்தம் கசிந்து கட்டினால் நரம்பை நெரிக்கும். பிரித்தானியாவில் 2009இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், சுமார் 7 இலட்சம் முதுகு ஊசிகளில், மிக மோசமாகக் கணக்கிட்டாலும் நிரந்தரப் பாதிப்பு இலட்சத்துக்கு 4 பேர் அளவில்தான். அரிது. ஆனால் அதில் ஒப்பரேஷன் எபிடியூரல்களின் பங்கு பிரசவ ஊசிகளைவிடக் கூட. இரத்தம் கட்டாமல் வயிற்றில் போடும் எனொக்ஸபரின் 40 மில்லிகிராம் ஊசிக்கும் டியூப்புக்கும் நடுவில் 12 மணித்தியாலம் விடவேண்டும். வைக்கும்போது மட்டுமில்லை, எடுக்கும்போதும்தான். எடுத்து 4 மணித்தியாலமாவது கழித்து அடுத்த ஊசி. வாட்டில் நேரம் பிசகுவது பெரும்பாலும் எடுக்கிற நாளில்.

கால் பலம் நேற்றைவிட இன்று குறைகிறது என்றாலோ, மருந்தை நிறுத்தி 4 மணித்தியாலமாகியும் கால் திரும்பவில்லை என்றாலோ, "மருந்துதான், விடியட்டும்" என்று ஒருவர் சொன்னாலும் கேளாதீர்கள். முதுகைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். இரத்தம் கட்டியிருந்தால் 8 மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் கால் தப்பும்.

மே 24, இரவு 10.00 | வாவிக்கரை

எனக்கு சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் இன்று வரைக்கும் இடுப்பு வலி. என் மகளுக்கு விடமாட்டேன்.

மே 24, இரவு 10.35 | பழைய வாட்டு மிஸ்ஸி

மட்டக்களப்பில் சிசேரியன் செய்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்வார்கள், என் சொந்தத் தங்கச்சி உட்பட. ஊசி ஏறிய இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். வருடக்கணக்கான இடுப்பு வலி, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளை சுமந்த இடுப்பு, மறுகா அந்தப் பிள்ளையைத் தூக்கிய இடுப்பு, கிணற்றில் அள்ளிய இடுப்பு. பழி மட்டும் ஊசிக்கு.

தலையிடி வேறு கதை, அது உண்மை. தடித்த எபிடியூரல் ஊசி தவறி உறையைக் குத்திவிட்டால் நீர் கசிந்து, எழும்பி இருந்தால் தலை வெடிக்கும், படுத்தால் போய்விடும். சொந்த இரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் விட்டு அடைப்பார்கள், கேட்கும்.

சிசேரியன் என்றதும் ஞாபகம் வந்தது. அதே மோர்ஃபினை உறைக்கு உள்ளே போடும்போது 0.1 மில்லிகிராம்தான் அளவு. வெளியே, எபிடியூரலில், 2, 3 மில்லிகிராம். இருபது முப்பது மடங்கு! டியூப்பின் நுனி தெரியாமல் உள்ளே நகர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் முதலில் இழுத்துப் பார்த்து, நீரோ இரத்தமோ வரவில்லை என்றபின் தள்ளுவார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

மே 25, காலை 6.40 | பழைய வாட்டு மிஸ்ஸி

டியூப்பில் குளொனிடின், கெட்டமின், டெக்சமெதசோன் போன்ற துணை மருந்துகளையும் சேர்த்துப் போடுவது பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். குளொனிடின் சேர்த்தால் நேரம் நீளும், பிரஷரும் இறங்கும், தூக்கமும் வரும். மற்றவற்றைச் சாதாரண எபிடியூரலுக்கு நான் அதிகம் காணவில்லை.

மே 25, இரவு 8.15 | கல்முனைத் தம்பி

இவ்வளவு தொல்லை எதற்கு? பழையபடி பெத்திடின் ஊசி போட்டால் முடிந்தது.

மே 25, இரவு 9.50 | பழைய வாட்டு மிஸ்ஸி

தம்பி உங்களுக்கு இன்னும் வயிறு வெட்டவில்லை போலிருக்கிறது.

தசையில் பெத்திடின் 75 மில்லிகிராம், கூடவே சத்திக்கு ஒரு ஊசி. அதுதான் எங்கள் காலத்து வழமை. வேலை செய்வது இரண்டு மூன்று மணித்தியாலம். சீட்டில் எழுதியிருப்பது 6 மணிக்கு ஒரு தடவை, சில நேரம் 8. மிச்ச நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். கேட்டால் "இன்னும் நேரமாகல்ல" என்று சொன்ன வாய் என்னுடையது. அதைவிட, வயிறு நோகும்போது ஆள் இருமமாட்டார், ஆழமாக மூச்சு எடுக்கமாட்டார். மூன்றாம் நாள் சளி கட்டி நெஞ்சில் காய்ச்சல். எபிடியூரலின் பெரிய நன்மை இருமும்போது தெரியும். 2002இல் வெளியான அவுஸ்திரேலியப் பெரிய ஆய்வில், ஆபத்து கூடிய வயிற்று ஒப்பரேஷன்களில் எபிடியூரலால் இறப்பு குறையவில்லை. ஆனால் வலி குறைந்தது, மூச்சுத் தோல்வியும் குறைந்தது. உயிர்காக்கும் மந்திரம் என்று நானும் சொல்லவில்லை.

அக்கரையூரான், உம்மாவுக்கு வயிற்றைத் திறந்தா, துளை போட்டுக் கமராவிலா? துளை என்றால் இப்போது பல இடங்களில் எபிடியூரலே வைப்பதில்லை. வெட்டு சிறிது, வலியும் சிறிது, பிரஷர் தொல்லைதான் மிச்சம். வயிற்றுச் சுவரில் போடும் ஊசியும் பனடோல் (பரசிட்டமோல்) வகையும் போதும் என்கிறார்கள்.

மே 26, காலை 9.10 | அக்கரையூரான்

திறந்துதான் மிஸ். நாளைக் காலை. துஆச் செய்யுங்கள்.

மே 26, காலை 9.30 | பழைய வாட்டு மிஸ்ஸி

கட்டாயம். எங்கள் ஊரில் கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கிவிட்டது, அங்கேயும் சொல்லிவைக்கிறேன். இரண்டு பக்கத்தாலும் பாதுகாப்பு.

இன்னும் ஒன்று. முதுகு டியூப்பும் கை சேலைன் டியூப்பும் பார்க்க ஒரே மாதிரி. ஒரு மாணவப் பிள்ளை அன்டிபயோட்டிக்கை முதுகு டியூப்பில் கொழுவப் போனதைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். பியூபிவகேன் கை சேலைன் டியூப் வழியாக இரத்தக் குழாய்க்குள் போவது அதைவிட மோசம், ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதன் பிறகு என் வாட்டில் பிளாஸ்டரில் சிவப்புப் பேனையால் "முதுகு" என்று எழுதி இரண்டு இடத்தில் ஒட்டாமல் விட்டதில்லை. உம்மாவுடைய டியூப்பில் அடையாளம் இல்லாவிட்டால் மிஸ்ஸியிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

மே 28, இரவு 11.20 | அக்கரையூரான்

அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது. பியூபிவகேன் 0.1, ஃபென்டனில் 2, மணிக்கு 6. நேற்று இரவு நல்லம். இன்று காலை கட்டிலில் இருத்தியதும் தலை சுற்றி, பிரஷர் 88. எல்லோரும் டியூப்பால்தான் என்றார்கள். நிறுத்திவிடலாமா என்று மச்சான் கட்டாரில் இருந்து கோல்.

மே 28, இரவு 11.45 | பழைய வாட்டு மிஸ்ஸி

மச்சானுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்து அனுப்புங்கள்.

பியூபிவகேன் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும், எழும்பினால் பிரஷர் விழும். அது தெரிந்த விடயம். ஆனால் ஒப்பரேஷன் செய்த ஆளின் பிரஷர் விழுந்தால் டியூப்பின் மேல் பழியைப் போடுவதற்கு முன் வடிகுழாய்ப் பையையும் சலத்தின் அளவையும் பார்க்கவேண்டும். நாடி என்ன? வயிறு வீங்குகிறதா? உள்ளே இரத்தம் போகும்போது "எபிடியூரல்தான்" என்று விட்டுவைத்த கதைகள் உண்டு. டொக்டர் பார்த்து இரத்தப்போக்கு இல்லை என்றால், அளவைக் கொஞ்சம் குறைப்பார், பிரஷரைத் தூக்கும் மருந்து போடுவார். சேலைனை மட்டும் போத்தல் போத்தலாக ஏற்றுவது அந்த வயதில் நுரையீரலுக்குக் கூடாது.

நீங்கள் செய்யவேண்டியது: உம்மாவைத் தனியே எழும்ப விடாதீர்கள். முதலில் காலைத் தொங்கப்போட்டு இருக்கட்டும், பிறகு நிற்கலாம். இரண்டு பக்கமும் ஆள்.

மே 29, காலை 10.30 | அக்கரையூரான்

வடிகுழாய் சரி, சலம் போகிறது. அளவை 4 ஆக்கினார்கள், பிரஷர் 110. கதிரையில் இருந்து சூப் கேட்கிறா. நாளை டியூப் எடுப்பார்களாம்.

மே 29, பிற்பகல் 2.00 | பழைய வாட்டு மிஸ்ஸி

எடுக்கிற நாள் பின்னேரம்தான் நான் கண்டதில் ஆட்கள் ஆகக் கஷ்டப்படும் நேரம். மூன்று நாள் வலியே தெரியாமல் இருந்துவிட்டு, மருந்து நின்று இரண்டு மூன்று மணித்தியாலத்தில் திடீரென்று தெரியவரும். "காயம் பழுதாப் போச்சு" என்று பயந்துவிடுவார்கள். டியூப்பை நிறுத்துவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே வாயால் வலிக் குளிசை தொடங்க முடியுமா என்று டொக்டரைக் கேளுங்கள். எனொக்ஸபரின் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டது என்பதையும் கேளுங்கள். எடுத்தபின் டியூப்பின் நுனி முழுதாக வந்ததா என்று மிஸ்ஸி பார்ப்பார், அதில் அடையாளம் இருக்கும்.

ஜூன் 1, இரவு 8.40 | வாவிக்கரை

அக்கா, இந்த முதுகு டியூப் புதிதாக வந்ததா? அம்மா காலத்தில் கேள்விப்படவில்லையே.

ஜூன் 1, இரவு 9.30 | பழைய வாட்டு மிஸ்ஸி

உங்கள் அம்மம்மா காலத்திலேயே வந்துவிட்டது. ஸ்பெயின் இராணுவத்தில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த ஃபிடெல் பாகெஸ் 1921இல் எழுதினார். இரண்டு வருடத்தில் கார் விபத்தில் போய்விட்டார், அவர் எழுதியதை வெளியே பலரும் கவனிக்கவில்லை. டியூப் விட்டுத் தொடர்ந்து மருந்து ஏற்றும் முறை 1940களில் கியூபாக்காரர் ஒருவர் செய்தது. பியூபிவகேன் 1957, சுவீடன். எபிடியூரலில் மோர்ஃபின் 1979. எங்கள் வாட்டுக்கு வரும்போது எனக்கு நரை வந்துவிட்டது. மருந்து முன்னரே இருந்தது. பம்ப் இல்லை, எண்ண ஆள் இல்லை.

ஜூன் 3, மாலை 5.10 | அக்கரையூரான்

வீட்டுக்கு வந்துவிட்டோம் மிஸ். வலிக்கு ட்ரமடோல் தந்தார்கள், குடித்தால் சத்தி. பனடோல் வலி வந்தால் மட்டும் கொடுக்கிறோம். சரியா?

ஜூன் 3, இரவு 7.25 | பழைய வாட்டு மிஸ்ஸி

பனடோலை வலி வரும்வரை வைத்திருக்க வேண்டாம். முதல் ஒரு கிழமைக்கு 500 மில்லிகிராம் வில்லை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நேரம் பார்த்துக் கொடுங்கள். ஒரு நாளைக்கு 8 வில்லைக்கு மேல் போகக்கூடாது. உம்மா 50 கிலோவுக்குக் குறைவு என்றாலோ ஈரல் வருத்தம் இருந்தாலோ அதைவிடக் குறைக்கவேண்டும், டொக்டரைக் கேளுங்கள். வேறு தடிமன் குளிசையிலும் பனடோல் கலந்திருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள். ட்ரமடோலை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், அப்படியும் சத்தி எடுத்தால் கிளினிக்கில் சொல்லி மாற்றுங்கள். டியூப் இருந்த இடம் சிவந்தாலோ, காய்ச்சலோடு முதுகு நொந்தாலோ, கால் சோர்ந்தாலோ கிளினிக் நாள்வரை பார்த்திராமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.